ரைட் சொல்ல ஆளில்லாத படகு

அன்பும் மரியாதையும் மிக்க மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம், படகுதான் சுகமில்லை. அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஜெட் படகை நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். விற்பீர்களோ, மொட்டைமாடியில் கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் படுப்பீர்களோ, அது உங்கள் பாடு. போனமுறை வந்தபோது ஞாபகத்துக்கு என்று உங்கள் தங்கையின் கண்டக்டர் விசிலை எடுத்துப் போனீர்கள் அல்லவா, அதோடு இதையும் எடுத்துப் போயிருக்கலாம்.

யார் வாங்கச் சொன்னது என்று கேட்பீர்கள். உங்கள் தங்கைதான். நான் பஸ் ஓட்ட, அவள் அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் நான் உட்கார்ந்தே போனேன், அவள் நின்றே வந்தாள். "ஊரே உக்காந்து போகுது, நான் மட்டும் நின்னுக்கிட்டே சாகணுமா? ரிட்டயர் ஆனதும் கூட்டமே ஏறாத வண்டியா ஒண்ணு வாங்குங்க. அதுல எனக்குன்னு ஒரு சீட்டு இருக்கணும். டிக்கெட் மட்டும் கிழிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்பாள். ஏரிக்கரையில் நடந்த கண்காட்சியில் இந்தச் சிவப்புப் படகைப் பார்த்ததும் இடப்பக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தவள் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அங்கேயே சொல்லி வைத்தோம். படகு வந்தது. அதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இறக்கிவைக்க வந்த ஆள் "மேடம் எங்க சார், ஆசையா கலரெல்லாம் பாத்தாங்களே" என்று கேட்டான். நான் தண்ணீர் கொண்டுவரப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

வீட்டில் வைத்தால் நிம்மதி உண்டா? படகின் மூக்கு சமையலறை ஜன்னலுக்கு நேரே. பாத்திரம் கழுவும்போதெல்லாம் என்னையே முறைத்தது. வால் கேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததில் தபால்காரர் முழங்காலில் இடித்துக்கொண்டு, இனி உங்களுக்குக் கடிதமே வராது என்று சாபம் கொடுத்துவிட்டுப் போனார். சரி, தண்ணீரில் இருக்க வேண்டியது தண்ணீரிலேயே கிடக்கட்டும் என்று ஏரித் துறையில் கொண்டுபோய்க் கட்டினேன்.

ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு மெக்கானிக் வந்தார். முன்னால் இடப்பக்கச் சீட்டில் ஏறப் போனவரைப் பின்சீட்டுக்கு அனுப்பினேன். "முன்னாடி இடம் இருக்கே சார்?" என்றார். "ஆள் வருது" என்றேன். என் வாயில் அப்படித்தான் வந்தது மச்சான்.

மற்ற மோட்டார் படகுபோல இந்தப் படகுக்குப் பின்னால் தண்ணீரைத் தள்ளும் காற்றாடி கிடையாது. அடிவயிற்றில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகத் துப்பித்தான் ஓடுகிறது. பிரேக்கும் கிடையாது! வேகத்தைக் குறைத்தால் ஸ்டியரிங்கும் பேச்சைக் கேட்காதாம். முட்டப்போகும்போது வேகம் கொடுத்துத் திருப்பணும் என்கிறார். முட்டப்போனால் பிரேக்கை மிதித்தே பிழைத்தவன் நான். காலால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தேன், படகு பாட்டுக்கு நாணலுக்குள் போய் மூக்கை நுழைத்தது. அதிலிருந்து மீண்டால், கரையில் ஒருவர் கையை உயர்த்தினார். கை காட்டினவரை விட்டுவிட்டுப் போனால் உங்கள் தங்கை என்னை என்ன பாடு படுத்துவாள் என்று உங்களுக்கே தெரியும். நேரே கொண்டுபோய்ச் சேற்றில் ஏற்றி நிறுத்தினேன். குளிக்க வந்த மனுஷன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். "நான் உங்களக் கூப்பிடவே இல்லையே பெரியவரே" என்று பாதிச் சட்டையோடு படகைத் தள்ளிவிட்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பின்னால் இருந்து மெக்கானிக் "போலாம் சார்" என்று சொன்னவரைக்கும் வண்டி நகர்ந்தது. தனியாக விட்டதும்தான் வினை. இஞ்சின் ஓடுகிறது, கை தயாராக இருக்கிறது, படகை எடுக்க மாட்டேன் என்கிறேன். காது பின்னாலேயே போய் நிற்கிறது. ரெண்டு விசில் வரணும், இல்லேன்னா "போலாம் ரைட்"னு அவ குரல் வரணும். அது வராம வண்டிய எடுத்து எனக்குப் பழக்கமே இல்ல மச்சான். ஆழமில்லாத ஓரத்தில் இஞ்சினை ஓடவிட்டால் மணலையும் கூழாங்கல்லையும் பாசியையும் சேர்த்து உறிஞ்சிவிடுமாம். உறிஞ்சி, அடைத்து, நின்றேவிட்டது. மெக்கானிக் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார். மறுபடி போனேன், மறுபடி அதே கதை. "ஏன் சார் ஓரத்துலயே நிக்கிறீங்க? யாருக்கு வெயிட் பண்றீங்க?" என்று கேட்டார். இஞ்சின் சூடாகட்டும் என்றுதான் நின்றேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதோடு விட்டதா? ஓராள் ஓட்டினால் படகு வலப்பக்கம் சாயும், இடப்பக்கச் சீட்டில் ஒரு மணல் மூட்டையைப் போடுங்கள் என்றார்கள். போட்டேன். அதற்கு மிதவைச் சட்டையும் மாட்டிவிட்டேன், விதி அப்படி. துறைக்கு வந்த ஒரு அம்மா "கூட யாருங்க, உறவுக்காரங்களா?" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். அன்றைக்கே மூட்டையைப் பிரித்துக் கொட்டினேன். அவள் ஆசைப்பட்ட சீட்டில் மூட்டையை உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் இல்லாமல் இது எனக்கு எதற்கு? வந்து எடுத்துக்கொண்டு போங்கள், புண்ணியமாகப் போகும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. போகிற இடமெல்லாம் அவர்களுக்கு உட்கார இடம் கிடைத்து, சௌக்கியமாகப் போய்வந்து, நீண்டகாலம் வாழட்டும்.

இப்படிக்கு,
பஸ்ஸோடு நிறுத்தியிருக்க வேண்டிய
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து, ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தபாலில் போடும் வழியில், கடைசியாக ஒருதரம் என்று படகில் ஏறி இஞ்சினை எழுப்பிவிட்டு வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். ஏரிக் காவலருக்குப் பொறுமை போய், இடத்தைக் காலிபண்ணு என்று பின்னால் நின்று விசிலடித்தார். ரெண்டு விசில் மச்சான்! என் கை என்னைக் கேட்கவே இல்லை. படகு கிளம்பிவிட்டது. ஏரி முழுக்கச் சுற்றி வந்தேன், வாத்துக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு, அழுதுகொண்டு. வலப்பக்கம் சாய்ந்தபடியேதான் வந்தது. ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். படகு எங்கேயும் போகாது. நீங்க மட்டும் வாங்க. உங்க உடம்புக்கு மணல் மூட்டை தேவைப்படாது, கோவிச்சுக்காதீங்க. அவ விசில மறக்காம எடுத்துட்டு வாங்க. அந்தச் சீட்டுக்கு ஆள் வருதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.