கலாவதியின் கணக்கை யாரும் தொடக் கூடாது

நாட்டுப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு சிறு வணிகர்கள்தான் என்பதில் எந்த வங்கிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்த முதுகெலும்பின் ஒரு துண்டு ஏற்காட்டு ஏரிக்கரையில், தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தது. பெயர் கலாவதி.

கலாவதியின் வங்கிக் கணக்கு முடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. சுற்றுலா வந்த ஒருவன் ஒரு தட்டு பஜ்ஜி தின்றுவிட்டு, போனில் அறுபது ரூபாய் அனுப்பிவிட்டுப் போனான். பிறகு எங்கோ வடக்கே மோசடி வழக்கில் மாட்டிக்கொண்டான். அவன் பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளையெல்லாம் முடக்கிவிட்டார்கள். அதுவும் பாதி முடக்கம். பணம் உள்ளே போகும், வெளியே வராது. கையில் காசோடு மலை ஏறுகிறவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? எல்லாரும் போனைத்தான் நீட்டினார்கள்.

"ஏனுங்க சார், காசு போயிட்டே இருக்குதுங்க, திரும்பி வர மாட்டேங்குதுங்களே?"

"அதுக்குப் பேர்தாங்கம்மா பாதுகாப்பு" என்றார் கிளை மேனேஜர் பாலசுப்பிரமணியம். "உங்க காசை உங்ககிட்ட இருந்தே காப்பாத்திட்டிருக்கோம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எம் பொண்ணுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்டோணுங்க. இல்லீன்னா பேரை அடிச்சுருவாங்களாமுங்க."

"தலைமை அலுவலகத்துக்கு எழுதியாச்சுங்க. மேல இருந்து ஆள் வரும்."

செவ்வாய்க்கிழமை ஆள் வந்தே விட்டது. தலைமை அலுவலகத்தின் வாடிக்கையாளர் அனுபவப் பிரிவிலிருந்து சௌமியா என்ற பெண், லேப்டாப்போடும் மூன்று உதவியாளர்களோடும் வண்டி முன்னால் வந்து நின்றாள். தன் மனுவுக்கு இத்தனை மரியாதையா என்று கலாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. புது எண்ணெய் ஊற்றி நாலு தட்டு போட்டாள். களப்பணியின் ஓர் அங்கமாக நால்வரும் தின்றார்கள். போனிலேயே காசு அனுப்பினார்கள். இருநூற்று நாற்பது ரூபாய் வந்துவிட்டதாக வண்டியில் தொங்கிய பெட்டி உற்சாகமாகக் கூவியது. கலாவதி அதை முறைத்தாள்.

"சிறு வணிகர்கள் பணத்தை எப்படிக் கையாளுறாங்கன்னு ஆராய்ச்சி பண்றோம்மா. முதல்ல, உங்க வலி எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"முட்டிலதானுங்க கண்ணு. நாள் பூரா நிக்கிறனுங்களே."

ஓர் உதவியாளர் மஞ்சள் சீட்டில் 'முட்டி' என்று எழுதி, எண்ணெய் டின்மேல் ஒட்டினார்.

அப்புறம் கலாவதி, கணக்கு முடங்கிய கதையைச் சொன்னாள். சௌமியாவின் முகம் மலர்ந்தது.

"பதினாலு ஊர் சுத்தினோம்மா. இப்படி ஒரு கணக்கு எங்கயுமே கிடைக்கல!"

"நொம்ப சந்தோசமுங்க. இன்னிக்கே தெறந்துருவீங்களா?"

"அய்யய்யோ, ஆய்வு முடியற வரைக்கும் அதை யாரும் தொடவே கூடாது. இப்ப திறந்தா, முடங்கினவங்க என்ன பண்றாங்கன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கலாவதி அடுப்பை அணைத்தாள். நேரே வங்கிக்குப் போனாள். முடக்கத்தை நீக்கும் உத்தரவு முந்தின நாளே வந்துவிட்டது என்பது அங்கேதான் தெரிந்தது. மேனேஜர் அதை மேஜை டிராயரில் பத்திரமாக வைத்துப் பூட்டியிருந்தார்.

"தலைமை அலுவலக ஆய்வுங்க. குறுக்க நான் புகுந்தா என் வேலை போயிருமுங்கம்மா."

வியாழக்கிழமை மதியம் கலாவதி காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அடகுக் கடைக்கு நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால், காமிராவோடு சௌமியா.

"எங்களைப் பார்க்காதீங்கம்மா. இயல்பா நடங்க."

கலாவதி இயல்பாக நடந்தாள். அடகுக் கடை வாசலில் வெளிச்சம் போதவில்லை என்று இரண்டாவது தடவையும் நடந்தாள். பீஸ் கட்டியாயிற்று, மகள் பேர் தப்பியது. அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்றவள் காதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள்.

அடுத்த மாதம் ஒரு பெரிய ஓட்டலில் ஆய்வு முடிவு வெளியிடப்பட்டது. கலாவதி சிறப்பு விருந்தினர். சௌமியா அறிக்கையை வாசித்தாள்: "ஏற்காட்டுச் சிறு வணிகர்கள் வங்கியில் போட்ட பணத்தை எடுப்பதே இல்லை. அவசரத் தேவைக்கு அடகுக் கடையையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களின் முக்கியப் பிரச்சினை முட்டி." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கலாவதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாலசுப்பிரமணியத்துக்குச் சிறந்த கிளை விருது கிடைத்தது. மறுநாள் டிராயர் திறந்தது, கணக்கும் திறந்தது, தோடும் காதுக்கு வந்தது.

ஆனால் ஆய்வு வீண்போகக் கூடாதல்லவா? ஆவணியில் வங்கி 'நிம்மதிக் கணக்கு' என்று ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. ஐயாயிரம் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு யாராலும் எடுக்க முடியாது, போட்டவராலும்கூட. சேருகிறவர்களுக்கு மூன்று மடிப்புக் குடை இலவசம்.

முதல் நாளே வரிசை வங்கி வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டைத் தொட்டது. கலாவதி மழையில் நனைந்துகொண்டு ஓடினாள்.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் கிறுக்கா? ஒரு மாசத்துக்கு மேல காசு முடங்குனதுக்கே நான் பட்ட பாடு தெரியாதுங்களா?"

"அது முடக்கமுங்க அக்கா. இது திட்டமுங்க" என்றார் கொய்யாப்பழம் விற்கும் பெரியசாமி. "அது சும்மா கெடந்துச்சு. இதுக்குக் குடை தர்றாங்கல்ல?"

கலாவதி வாயைத் திறந்தாள். எதிரே ஒருத்தி கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, பொத்தானை ஒரே அமுக்காக அமுக்கினாள். குடை படாரென்று விரிந்தது. மேலே பூப்போட்டிருந்தது. மழை அதன்மேல் பட்டு நாலாபக்கமும் தெறித்தது.

கலாவதி நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிறகு பெரியசாமிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, செவப்புக் கலரு இன்னும் இருக்குதுங்களா?"