குளிக்கத் தடை என்றதும் குதித்தவர்

குற்றாலத்தில் தண்ணீர் அதிகமாகி, போலீஸ்காரர்கள் குறுக்கே கயிறு கட்டி, "யாரும் குளிக்கக் கூடாது" என்று சொன்ன நாளில் சந்தோஷத்தில் குதித்த ஒரே மனிதர், அருவி விழ ஆரம்பித்த காலத்திலிருந்து இன்றுவரை, எங்கள் காரணம் சார்தான். மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம் அவரை அடிக்கவே போய்விட்டது. நான்தான் இடையில் புகுந்து காப்பாற்றினேன்.

நான் அப்போது தென்காசிப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கும். கூடவே ஊரறிந்த சிடுசிடுப்பும். அவர் சுகாதார ஆய்வாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எதைச் சொன்னாலும் "காரணம்?" என்று கேட்பதால், நிலையத்தில் எல்லாருக்கும் அவர் காரணம் சார். டீக்காரர் "இன்னைக்கு வடை இல்ல சார்" என்றால்கூடக் "காரணம்?" என்பார். டீக்காரர் வீட்டில் உளுந்து ஊறப்போட மறந்ததையும், அதனால் நடந்த சண்டையையும் நின்று முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்த பிறகு வடை இல்லாத வருத்தமே அவர் முகத்தில் இருக்காது.

கொரோனா ஊசி போட்டு முடிக்கச் சொல்லி மேலேயிருந்து நெருக்கிக்கொண்டிருந்த நேரம். போடாதவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். "மறுப்பதற்குக் காரணம்" என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: பயம், வதந்தி, அலட்சியம். ஏதாவது ஒன்றில் டிக் அடித்தால் போதும். மற்றவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே ஊர் ஊராக டிக் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். இவர் மூன்று வாரமாகியும் கொடுக்கவில்லை.

"என்ன சார் பண்ணுதிய?" என்று எரிந்து விழுந்தேன்.

"மேடம், இந்த மூணு கட்டத்துக்குள்ள ஒரு மனுசரும் அடங்க மாட்டேங்காவ."

படிவத்தின் ஓரத்தில் துண்டுத்தாள்களை ஒட்டி ஒட்டி எழுதி வைத்திருந்தார். முதல் தடவை போகும்போது ஊசி என்ற சொல்லையே எடுக்க மாட்டாராம். சும்மா உட்காருவார், கொடுத்ததைக் குடிப்பார், கேட்டுக்கொண்டிருப்பார். இலஞ்சியில் ஒரு தெருவே "பயம்" என்று பதிவாகியிருந்தது. இவர் போய்க் கேட்டால், பாதிப் பேருக்கு முழங்கால் வலி. முகாம் நடந்ததோ கல்யாண மண்டபத்து மாடியில். மீதிப் பேர் பெண்கள். ஜாக்கெட் கை இறுக்கம், தோள்பட்டை வரை ஏற்ற முடியாது. நாலு ஆண்கள் பார்க்கிற ஹாலில் எப்படி ஊசி போட்டுக்கொள்வது என்று ஓர் அம்மா வெட்கப்பட்டுச் சொல்லியிருக்கிறார். காரணம் சார் முகாமைக் கீழே இறக்கி, தன் வீட்டுக் கல்யாணப் பட்டுச்சேலையைக் கொண்டுவந்து திரை கட்டினார். அன்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அவர் வீட்டில் நடந்த பூகம்பம் தனிக்கதை.

தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியளா மேடம்! முதல் தடவையா மேல இருந்தும் காரணம் கேட்டிருக்காவ!" நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினார். யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் என்னையும் கேட்டார். "மேடம், நீங்க இன்னும் போட்டுக்கிடலையே. காரணம்?"

குளிர்பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்கெல்லாம் ஊசி எடுத்துக் கொடுத்த நான் போட்டுக்கொள்ளவில்லை. ஆய்க்குடியில் எங்கள் வீட்டில் நானும் என் மகனும் மட்டும்தான். இருபத்திரண்டு வயது. கால்கள் நடக்காது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான்தான் தூக்க வேண்டும். ஊசி போட்டுக் காய்ச்சலில் இரண்டு நாள் நான் விழுந்துவிட்டால் அவனை யார் தூக்குவார்கள்? இதை வெளியே சொல்ல எனக்குப் பிடிக்காது. "உங்க சோலியப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து அருவிக்கரைக்காரர்கள். ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த அருவியை அப்போதுதான் திறந்துவிட்டிருந்தார்கள். அங்கே எண்ணெய் மசாஜ் செய்கிறவர்களில் ஒன்பது பேர் ஊசி வேண்டாம் என்று நின்றார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி சுடலைமுத்து அண்ணாச்சி, சர்க்கரை நோயாளி. அவருடைய தம்பியைக் கொரோனா கொண்டுபோயிருந்தது. அவரே மறுத்ததுதான் யாருக்கும் புரியவில்லை. மேலதிகாரி ஒருவர் வந்து, "போடலேன்னா அருவிப் பக்கமே விட மாட்டோம்" என்று கத்திவிட்டுப் போனார்.

காரணம் சார் கத்தவில்லை. வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, துண்டோடு கல்மேல் குப்புறப் படுத்துவிட்டார். மூன்று நாள், மூன்று மசாஜ். அலுவலகத்துக்கு எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் வழுக்கினார். படிவம் அப்பளம் பொரித்த தாள் போல ஆகிவிட்டது. மூன்றாம் நாள், முதுகைத் தட்டிக்கொண்டே சுடலைமுத்து அண்ணாச்சி தானாகச் சொன்னாராம்:

"சார், எனக்கு இருக்குதது இந்த ரெண்டு கைதான். ஊசி போட்டா ரெண்டு மூணு நாளு கையத் தூக்க முடியலைங்காவ. அருவியே இப்பத்தான் தொறந்திருக்கு. இப்பப் போயி நான் கையக் கெட்டிக்கிட்டு உக்காந்தா வீட்டுல என்னத்தத் திங்க?"

காரணம் சார் எழுந்து ஈரத்துண்டோடு என்னிடம் ஓடிவந்தார். "கை மேடம், கை! பயமும் இல்ல, வதந்தியும் இல்ல. தண்ணி கூடிக் குளிக்கத் தடை போட்டா அவங்களுக்கு எப்படியும் வேலை கிடையாது. அன்னைக்கு அங்கனயே வச்சுப் போட்டுருவோம்."

"ஒரு குப்பியத் திறந்தா பத்துப் பேருக்கு. நாலு மணி நேரத்துல முடியலேன்னா கொட்டணும். ஒம்பது பேருக்குத் திறக்க மாட்டேன்."

"பத்தாவது ஆளுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் மலையைப் பார்ப்பார். மேகம் இல்லையென்றால் முகம் தொங்கிவிடும். ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாகக் குளித்துவிட்டுப் போவார்கள். இவர் அவர்களை விரோதிகள் மாதிரி பார்ப்பார். எட்டாம் நாள் மலையில் பேய்மழை. போனில் அலறினார். "தண்ணி வந்துட்டு மேடம்! கயிறு கெட்டிட்டாவ! பெட்டியத் தூக்கிட்டு வாங்க!"

நான் பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோதும் கயிற்றுப் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தார். மதுரைக் குடும்பம் அடிக்கப் போனது அப்போதுதான்.

நர்ஸ் வரிசையாகப் போட்டார். ஒன்பது பேர். சுடலைமுத்து அண்ணாச்சி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "எடது கையில போடு தாயி" என்றார். முடிந்தது. குப்பியில் இன்னும் ஒருவருக்கு மருந்து இருந்தது. காரணம் சார் என்னைப் பார்த்தார்.

"என்ன சார் பாக்கிய?"

"நேத்து ஆய்க்குடிக்குப் போனேன். உங்க பையன்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்."

"என் வீட்டுக்குப் போகச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டா?"

"உத்தரவு மேடம். போடாதவங்க வீட்டுக்கெல்லாம் போகணும்லா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "காலையில நீங்க கெளம்புனதுமே என் வீட்டுக்காரி அங்கன போயிட்டா. சாயங்காலம் நானும் போயிருவேன். ரெண்டு நாளு அவனத் தூக்குதது எங்க பொறுப்பு. எங்க பிடிக்கணும், எப்படித் திருப்பணும்னு அவனே சொல்லிக்கொடுத்துட்டான்."

திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அத்தனை பேர் முன்னால், அருவிச் சாரலில் நின்றுகொண்டு கையை நீட்டினேன்.

மறுநாள் எனக்கு நல்ல காய்ச்சல். உள்ளறையில் போர்த்திப் படுத்திருந்தேன். வெளியே என் மகனிடம் அவர், "தேங்காச் சட்னி வேண்டாமா? காரணம்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மகன் சிரிப்பது கேட்டது. அப்படி அவன் சிரித்து நான் கேட்டு நாளாகியிருந்தது. மூன்றாம் நாள் கயிற்றை அவிழ்த்தார்கள். சுடலைமுத்து அண்ணாச்சி வலி விட்ட கையோடு வேலைக்குப் போனார், நானும் போனேன்.

எண்ணெய்க் கறையோடு அந்தப் படிவம் ஒருவழியாக என் மேசைக்கு வந்தது. என் பெயருக்கு எதிரே மூன்று கட்டங்களும் காலி. ஒட்டியிருந்த துண்டுத்தாளில் இப்படி எழுதியிருந்தார்: "மகனைத் தூக்க ஆள் வேண்டும். ஏற்பாடு செய்யப்பட்டது."

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். டிவியில் "குற்றாலத்தில் குளிக்கத் தடை" என்று செய்தி ஓடினால் உடனே அவருக்குப் போன் போடுவேன். "என்ன மேடம் திடீர்னு? காரணம்?" என்பார். ஒன்றும் இல்லை என்று சொல்லி, மகனிடம் போனைக் கொடுத்துவிடுவேன்.