தோடு கிடைத்தால் மொட்டை

தொலைந்த நகையைத் தேடுகிறவன், அது கிடைக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடுவான். நான் கிடைக்கக் கூடாது என்று கும்பிட்டேன். அதுவும் தேடிக்கொண்டே கும்பிட்டேன். கொடைக்கானல் பக்கத்துப் பள்ளங்கி ஊர் விவசாயி, ஞானவேல் என்கிற நான், கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாக எடுத்த ஒரே முடிவு அதுதான். அது என்ன ஆனது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்லத் தேவையில்லை, பார்த்தாலே தெரிகிறது.

தோட்டத்தில் மலைப்பூண்டு பறித்த அன்று என் மனைவி சிவபாக்கியத்தின் காதிலிருந்து ஒரு தோடு விழுந்துவிட்டது. அவள் அம்மா போட்டு அனுப்பிய ஏழுகல் தோடு. சாயங்காலம் காதைத் தொட்டுப் பார்த்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. நிஜமாகவே தேடினேன். மறுநாள் காலையில் அவள் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைக்கும் வரைக்கும் நிஜமாகவே தேடினேன்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"தோடு கெடைச்சா பழனி ஆண்டவருக்கு மொட்டைங்க."

"நீயா?"

"நீங்க."

என் கை தானாகத் தலைக்குப் போயிற்று. ஐம்பதைத் தாண்டியும் என் முடி ஒன்றுகூட ஊரை விட்டுப் போகவில்லை. சீப்பை வைத்தால் பாதி வழியில் நின்றுவிடும், அவ்வளவு அடர்த்தி. அந்த ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் எங்கள் பத்தாம் வகுப்புக் கூட்டாளிகள் ஒன்றுகூடுவதாக இருந்தது. வாட்ஸப்பில் எல்லார் போட்டோவும் வந்திருந்தது. வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்கிய நல்லசாமியின் தலை, கழுவிக் கவிழ்த்த சில்வர் குண்டா மாதிரி பளபளத்தது. "நல்லசாமியைப் பாருடா, நல்லசாமியைப் பாருடா" என்று அடி வாங்கியே வளர்ந்தவன் நான். இப்போது நல்லசாமி என்னைப் பார்க்கப் போகிறான். மார்க்கில் விட்டதை முடியில் பிடிக்க எனக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது.

"ஏ பாக்கியம், தொலைஞ்ச தோடு ஒன்னோடது. நேந்துக்கிட்ட மண்டை மட்டும் என்னோடதா?"

"பின்ன? ரொம்ப அருமையானதக் குடுத்தாத்தான அது வேண்டுதலு. நம்ம வீட்ல ஒங்க முடிய விட அருமையா என்ன கெடக்கு?"

பாராட்டிக்கொண்டே சிரைக்கிறாள். அந்த நிமிஷமே முடிவு செய்தேன், தோடு கிடைக்கவே கூடாது என்று.

தேடாமல் இருந்தால் சந்தேகம் வரும். அதனால் வெயில், பனி பார்க்காமல் தேடினேன். அவள் பூண்டு பறித்த பாத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாப் பாத்தியிலும் தேடினேன். இரண்டு நாள் பார்த்தாள் சிவபாக்கியம்.

"ஏங்க, கண்ணால தேடுனா ஆகாது. மண்ணுக்குள்ள கெடக்குற காசு, மோதிரத்தையெல்லாம் கத்திக் காட்டிக் குடுக்குற மிஷினு இருக்காமே. மெட்டல் டிடெக்டராம். ஒலியுல்லா அண்ணன் கடையில விக்கிறாங்கன்னு ரஹ்மத் பீவி சொல்லுச்சு. வெரசாப் போயி வாங்கிட்டு வாங்க."

ஒலியுல்லா கொடைக்கானல் பஜாரில் கூடாரம், டார்ச், பைனாகுலர் விற்கிறவர். ரஹ்மத் பீவி அவர் மனைவி. எங்கள் பூண்டு அவர்கள் வீட்டுக்குப் போகும், அவர்கள் நெய்ச்சோறு எங்கள் வீட்டுக்கு வரும். இரண்டையும் விட வேகமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடுவது செய்தி. அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. மறுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

"வாங்க ஞானவேலு. என்ன பொருளத் தேடணும்?"

"தோடு, பாய்."

பட்டென்று ஒரு மிஷினை எடுத்தார். நீளமான கம்பி, அதன் அடியில் டீ சாஸர் அளவுக்கு ஒரு வட்டு.

"சின்ன நகை, சில்லறைக் காசுக்கெல்லாம் இதுதான். வட்டு சின்னதா இருந்தாத்தான் பொடிச் சாமான் தப்பாது. மூக்குத்தியக்கூட விடாது பாத்துக்கங்க."

எனக்கு வியர்த்தது. கொடைக்கானலில் வியர்ப்பது லேசான விஷயமா? "இது வேணாம் பாய். அந்தா, முறம் கணக்கா ஒண்ணு தொங்குதே, அது?"

"அது ஆழத்துல கெடக்குற குழாயி, இரும்புப் பெட்டிக்கு உள்ளது. தோடு மாதிரி சாமானெல்லாம் அதுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியவே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தப்பித் தவறிக் கத்திறாதே?"

"காதுல மாட்டிக்கிட்டு நின்னாலும் கத்தாது. ஏன் கேக்குறீங்க?"

"அதையே குடுங்க!"

ஒலியுல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தங்கத்தப் பாத்தா கண்டுக்காத மிஷினுதான் வேணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். இப்படி ஒரு ஒபயோகம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, நகைக்கடைக்குப் போறப்பெல்லாம் இதத்தான பீவி கையில குடுத்து விட்டுருப்பேன்."

அதன் பிறகு வந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்க உலா வந்தேன். அதன் குணம் அருமையான குணம். உடைந்த மண்வெட்டிக்குக் கத்தியது, குதிரை லாடத்துக்குக் கத்தியது, எந்தக் காலத்திலோ புதைந்த ஜீப் சைலன்சருக்கு ஊரையே கூட்டியது. ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்து, "ச்சே, தோடு இல்ல" என்று பெருமூச்சு விட்டேன். சிவபாக்கியம் தோட்டத்துக்கே காப்பியும் பஜ்ஜியும் கொண்டு வந்தாள். "பாவம், எம்புட்டுப் பாடு படுறீங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருந்தது. இன்னொரு பஜ்ஜி சாப்பிட்டேன், சரியாகிவிட்டது.

வியாழக்கிழமை அவள் ரஹ்மத் பீவியைப் பார்க்கக் கொடைக்கானல் போனாள். திரும்பி வரும்போது நெற்றி நிறைய விபூதி.

"ஏங்க, வேண்டுதல மாத்திட்டேன்."

"என்னது!"

"நீங்க படுற பாட்டப் பாத்து மனசு கேக்கல. தேடி எடுத்துக் குடுக்குற மனுசனுக்கே மொட்டைன்னா அது என்ன நாயம்? குறிஞ்சி ஆண்டவர் கோயில்ல நின்னா பழனி மலை தெரியும்ல? அங்கன நின்னு சொல்லிட்டேன். நாளைக்குள்ள தோடு கெடைச்சா முடி ஒங்களுக்கே."

"முருகா! கெடைக்கலைன்னா?"

"சனிக்கெழம மொட்டை."

நான் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, பூண்டு ஏற்றிப்போன வேனில் தொற்றிக்கொண்டேன். ஒலியுல்லா கடை வாசலிலேயே நின்றிருந்தார். சின்ன வட்டு மிஷின், பேட்டரி போட்டு, பையில் கட்டி, மேஜை மேல் தயாராக இருந்தது.

"எப்படி பாய் தெரியும்?"

"எப்படியும் வருவீங்கன்னு தோணுச்சு" என்று தாடிக்குள் சிரித்தார். இருந்த அவசரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இறங்கினேன். சின்ன வட்டுக்கு ஓட்டை வாய். சோடா மூடிக்குக் கத்தியது, ஊக்குக்குக் கத்தியது, பிஸ்கட் பாக்கெட் ஈயத்தாளுக்குக் கத்தியது. குனிந்தால் என் அரைஞாண் கயிற்று வெள்ளித் தாயத்துக்கும் கத்தியது. அதையும் அவிழ்த்து வேலியில் போட்டேன். இத்தனை நாள் நான் எட்டிப் பார்க்காத அந்தப் பாத்தியில் முழங்கால் போட்டு, சாண் சாணாக நகர்ந்தேன். நல்லசாமி கண் முன்னால் வந்து வந்து போனான். மத்தியானம் தாண்டி ஒரு மெல்லிய 'கீ'. மண்ணை விரலால் கிளறினேன். ஏழு கல்லும் சிரித்தன.

"கெடைச்சிருச்சு பாக்கியம்! எம் முடி தப்பிச்சிருச்சு!" என்று வீடு வரைக்கும் ஓடினேன். அவள் தோட்டைக் கழுவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். சொன்னால் என்ன, எனக்கும் கண் கலங்கியது. இவ்வளவு ஆசை வைத்திருந்தவளையா ஏமாற்றப் பார்த்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். "சாப்புட்டு வெரசாப் படுங்க. வெள்ளனே பழனி பஸ்ஸப் பிடிக்கணும்."

"பழனியில நமக்கு என்ன சோலி?"

"மொட்டைதான்."

"அடியே! தோடுதான் கெடைச்சிருச்சே! வேண்டுதல மாத்திட்டேன்னு நீதான சொன்ன?"

சிவபாக்கியம் தோட்டின் திருகைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"சாமிகிட்ட வேண்டுனத யாராச்சும் மாத்த முடியுமாங்க? ஒங்ககிட்ட சொன்னதத்தான் மாத்துனேன்."