முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தது பற்றி அத்தைக்கு

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் சைக்கிளும் நலம். இடது முழங்கையில் மட்டும் தோல் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அங்கே தாங்களும் தங்கள் மகனும் நலமென்று நம்புகிறேன். அவர் போனில் "எல்லாம் நல்லா இருக்கு" என்று மட்டுமே சொல்வதால், நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை.

நீதிமன்றத்தில் இருபத்தாறு வருஷமாக வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்கிறவர் நீங்கள். பொய்யை இரண்டாவது வரியிலேயே பிடித்துவிடுவீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இந்த வெளிநாட்டுச் சைக்கிள் அணிக்கு நான் கிளம்பும்போது, "ஒரு சீசன்தான். ஓட்டறத எல்லாம் ஓட்டிட்டு வந்து சேரு. மருந்துக்கடைக்காரர்கிட்ட உன் வேலைய சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன்" என்றீர்கள். நானும் சரியென்றேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "பதினெட்டுப் பந்தயம் ஓட்டியிருக்க, ஒண்ணுலகூட நீ ஜெயிச்சதா காணோமேம்மா" என்று கேட்டீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அத்தை, எங்கள் அணியில் ஆறு பேர். ஜெயிக்க வேண்டியவள் ஒருத்திதான். அவளை நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். மற்ற ஐந்து பேருக்கும் அவளை ஜெயிக்க வைப்பதுதான் வேலை. எதிர்க்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓட்ட வேண்டும். பின்னால் வரும் எங்கள் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுக்க வேண்டும். நீங்கள் டிவியில் பார்த்துவிட்டு, "என்னம்மா, முதுகெல்லாம் புடைச்சிருக்கு, டாக்டர்கிட்ட காமிச்சியா?" என்று பதறினீர்களே, அது ஒன்பது பாட்டில். சட்டைக்குள் திணித்திருந்தேன். மேட்டில் ஒன்பதோடு ஏறியவள் இந்த சீசனில் நான் ஒருத்திதான் என்று மெக்கானிக்கே சொன்னார்.

ஆரம்பம் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் பந்தயத்தில் ஒரே மழை, எதிரில் எதுவும் தெரியவில்லை, கூட்டம் என்னை விட்டுவிட்டுப் போய் அரைமணி ஆகியிருந்தது, முன்னால் எங்கள் அணியின் நீலச் சட்டை ஒன்று போவதைப் பார்த்து உயிர் வந்து, விட்டேனா பார் என்று அதன் பின்னாலேயே மிதித்தேன், அது வலப்பக்கம் திரும்பியது, நானும் திரும்பினேன், சந்துக்குள் போனது, நானும் போனேன், கடைசியில் ஒரு கேட்டைத் திறந்து உள்ளே போய் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியது. பார்த்தால் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த நர்ஸம்மா. அவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. ஆனால் தலை துவட்டத் துண்டு கொடுத்தார். நல்ல மனுஷி. அன்றைக்கு என்னை வேனில் ஏற்றித்தான் கொண்டு வந்தார்கள்.

ஆனால் கடைசிப் பந்தயத்தைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்குக் காலையில் இருந்தே என் கால் வேறு யாருடையதோ போல ஓடியது. முடிவுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போது முன்வரிசையில் பன்னிரண்டு பேர். அதில் நெட்டையும் நானும் உண்டு. பத்துக்குள் வந்துவிடுவேன், நம்ம ஊர் பேப்பரில் பெயர் வரும், அதை நீங்கள் ஆபீசுக்கு எடுத்துப் போவீர்கள் என்றெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதே நெட்டை கையைத் தூக்கினாள். முன்சக்கரம் பஞ்சர். எங்கள் கார் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் மூன்று விநாடி யோசித்தேன், அத்தை. மூன்றும் முழு விநாடி. பிறகு இறங்கி என் முன்சக்கரத்தைக் கழற்றி அவள் வண்டியில் மாட்டி, "போடி!" என்று கத்தித் தள்ளிவிட்டேன். தமிழில்தான் கத்தினேன், நன்றாகவே புரிந்துகொண்டாள்.

அப்புறம் முன்சக்கரம் இல்லாத சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு கார் வரும் வரைக்கும் மழையில் ஆறு நிமிஷம் நின்றேன். எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு பெரியவர் குடையோடு வந்து, சைக்கிளுக்குப் பிடித்தார்.

நெட்டை நான்கு விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தாள். காரில் வந்த வேறு சக்கரத்தை மாட்டிக்கொண்டு ஓட்டி முடித்த நான் தொண்ணூற்று நான்காவது. ஓட்டி முடித்தவர்கள் மொத்தம் தொண்ணூற்று நான்கு பேர். மேடையில் இருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று நானும் தயாராக நின்றேன். "உன் சக்கரத்துல காத்து கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, பாத்துக்க" என்று இங்கிலீஷில் சொன்னாள். அவள் அப்படித்தான். சிரித்தால் வரி கட்ட வேண்டும் என்று நினைக்கிறவள். குறட்டை விட்டால் ஜன்னல் அதிரும். எட்டு மாதம் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் சொல்கிறேன்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜெயிக்கறதுக்கு ஆளு கிடைக்கும். இறங்கி நிக்கறதுக்குக் கிடைக்காது. அடுத்த வருஷமும் இரு" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் தோற்றுப்போனவளாக இதைக் கேட்கவில்லை. எனக்கு இந்த வேலை நன்றாக வருகிறது, அத்தை. மருந்துக்கடையில் நான் எடுத்துக் கொடுத்த மாத்திரைகளைவிட நன்றாகவே வருகிறது. ஆகவே இன்னும் ஒரே ஒரு வருஷம் அனுமதி வேண்டுகிறேன். கடைக்காரரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். தங்கள் மகன் சரியென்றுதான் சொல்வார். நீங்கள் சொன்ன பிறகு.

தங்கள் ஆசி எப்போதும் என் முதுகுப்பக்கமே இருக்கட்டும். எதிர்க்காற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் மேனேஜர் வந்தார். அடுத்த வருஷப் பயிற்சிக்கு வெயில் அடிக்கும் ஊராகத் தேடினாராம். நான் எப்போதோ வாய் தவறி வர்ணித்ததை வைத்து நம் ஊரையே முடிவு செய்து, டிக்கெட்டும் போட்டுவிட்டார். ஜனவரி முதல் நான்கு மாதம் நம் வீட்டு மாடியில்தான். ஆறு பேர், மேனேஜர், மெக்கானிக், பதினான்கு சைக்கிள். ஆகவே மேலே கெஞ்சியதற்கு எல்லாம் அவசியமே இல்லை. நெட்டைக்கு நம் கட்டில் ஒரு அடி போதாது. உங்களிடம் பேச வேண்டும் என்று தமிழ் கற்றுக்கொள்கிறாள். பேச்சு இன்னும் வரவில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள்.