தண்ணி இன்னும் சரியாகலை

ஆற்றில் குளிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும், துவைக்கிறவர்களைத் தெரியும், மீன் பிடிக்கிறவர்களையும் தெரியும். ஆற்றை வெறுமனே பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. அவர்கள்தான் ஆற்று ஜோசியர்கள். பாலத்துக்கு ஒருவர் நிச்சயம். ஊனா ஆற்றின் மேல் இருக்கும் எங்கள் பாலத்துக்கு ரசீம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஆற்று ஜோசியர் பாலத்துக்கு வருவார், கைப்பிடிச் சுவரில் நெஞ்சைச் சாய்ப்பார், ஒரு புல்லைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு அது போகும் வேகத்தைப் பார்ப்பார், ஒரு கண்ணை மூடுவார், யாரோ இறந்துபோன மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு சொல்வார்: "தண்ணி இன்னும் சரியாகலை."

ட்ரவுட் மீனை இறகில் கட்டிய பொய் ஈயைக் காட்டித்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் ஆற்றின் சட்டம். ஈ கட்டுவதில் ரசீம் மன்னன். அவர் தலை தெரிந்தாலே பக்கத்து வீட்டுச் சேவல் விறகுக்கட்டுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். எல்லாம் இருக்கிறது, பிறகு ஏன் தூண்டில் வீசுவதில்லை? மார்ச்சில் மீன்பிடித் தடை நீங்கும், ஆனால் தண்ணீர் ஐஸ், மீன் அடியில் சுருண்டு கிடக்கும், ஏப்ரலில் மலைப்பனி உருகி ஆறு பொங்கும், மே மழையில் கலங்கும், ஜூனில் நிஜ ஈக்களே கூட்டம் கூட்டமாகப் பறக்க, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு எழுந்தவனிடம் பொரியை நீட்டுவதுபோல் நம் ஈயை எந்த மீன் மதிக்கும், ஜூலையில் வெயில், ஆகஸ்டில் தண்ணீர் வற்றித் தெளிந்து, மீன் நம் மீசையைக்கூடப் பார்த்துவிடும், செப்டம்பர் பிரமாதமான மாதம்தான், காற்று மட்டும் இல்லாமல் இருந்தால்.

"அப்போ எப்பதான்ணே நல்ல நேரம்?" என்று காபிக்கடை எக்ரெம் ஒருநாள் கேட்டான்.

"போன வியாழக்கிழமைடா. நீதான் கோட்டை விட்டுட்டே."

போன வியாழக்கிழமை ரசீமும் இதே காபிக்கடையில்தான் இருந்தார்.

இப்படியே காலம் போயிருந்தால் ஆற்றுக்கும் நஷ்டமில்லை, மீனுக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவர் மகள் நெய்ராவைப் பெண் கேட்டு வருகிற வீட்டாரிடம், "எங்க வீட்டுக்கு வந்தா என் கையால பிடிச்ச ட்ரவுட்தான் விருந்து" என்று மார்ச் மாதமே தொலைபேசியில் வீரம் பேசியிருந்தார். அவர்கள் வருகிற நாள் செப்டம்பர் கடைசி நாளாக அமைந்தது. மறுநாளிலிருந்து வசந்தம்வரை ட்ரவுட்டைத் தொடக்கூடாது.

மனைவி சும்ரேதா காலையிலேயே தூண்டிலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். "பண்ணை மீன் இந்த வாசப்படி ஏறக்கூடாதுன்னு சொன்னது நீங்கதான். மீனோட வாங்க. இல்லேன்னா வராதீங்க."

போகிற மனிதர் நேரே ஆற்றுக்குப் போகலாம் அல்லவா? ஜோசியர் எப்படிப் போவார்? காபிக்கடையில் ஆள் இருக்கிறதே!

"நேத்து மலையில மழை. வியாழக்கிழமை வரைக்கும் ஒரு மீன் வாயைத் திறக்காது," என்று அறிவித்தார். யாரோ சிரித்தார்கள். அதுதான் வினை. "இன்னிக்கு என் ஈயை ஒரு மீன் கடிச்சாலும் இந்த மீசையை எடுத்துடறேன்!"

அவ்வளவுதான். கடையே காபிக் கோப்பைகளோடு பாலத்துக்கு வந்துவிட்டது.

ரசீம் முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி நின்று, தூண்டிலை வீசிவிட்டு, பாலத்தை நோக்கித் திரும்பி, இன்று ஏன் மீன் கடிக்காது என்று விளக்க ஆரம்பித்தார். பாதி விளக்கத்தில் தூண்டில் வளைந்தது.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மகளின் விருந்து, மறு பக்கம் மீசை.

"கல்லுல மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார்.

கல் தண்ணீரை விட்டு எம்பி, வெள்ளியாக மின்னி, திரும்ப விழுந்தது.

"அண்ணே, கல்லு வாலாட்டுது!" என்றான் பாலத்திலிருந்து எக்ரெம்.

"நீரோட்டம்டா அது, உனக்கு என்ன தெரியும்!" என்று அதட்டிக்கொண்டே ரசீம் நைசாக நூலைத் தளர்த்தினார். எங்கள் சட்டப்படி தூண்டில் முள்ளில், மீனைக் கழலவிடாமல் பிடிக்கும் கொக்கிப்பல் கிடையாது. நூல் தளர்ந்தால் மீன் தானே கழன்றுகொள்ளும். ஆனால் அது உடனே போகவில்லை. அவர் காலடியிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. "போயிடு ராசா, போயிடு," என்று உதடு அசையாமல் கெஞ்சினார். கடைசியில் அதற்கே அலுத்துப்போய்ப் புறப்பட்டது. மீன் கையில் இல்லை, ஆகவே சாட்சி இல்லை. மீசை பிழைத்தது.

பாலத்தின் மறுமுனையில் வாணலியோடு சும்ரேதா நின்றிருந்தாள்.

"எல்லாத்தையும் பாத்தேன். அந்த மீசையையே வறுத்து வைக்கட்டுமா?"

மாலை விருந்தில் கீரை அடைத்துச் சுட்ட பீட்டாவும் தயிரும்தான். மாப்பிள்ளையின் அப்பா ஃபாதில் மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ரசீம் தயிர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். சும்ரேதா போட்டு உடைக்க வாயைத் திறந்தாள். அதற்குள் ஃபாதில் முந்திக்கொண்டார்.

"மீன் இருக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும் சம்பந்தி. வரும்போது பாலத்துல நின்னு ஒரு புல்லைப் போட்டுப் பாத்தேன். தண்ணி இன்னும் சரியாகலை."

ரசீம் எழுந்து ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். கண்ணில் நிஜமான நீர். மாப்பிள்ளையின் அம்மா சும்ரேதாவைப் பார்த்தாள். சும்ரேதா அவளைப் பார்த்தாள்.

"சரி, கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?" என்று சும்ரேதா பொதுவாகக் கேட்டாள்.

நெய்ரா ஆசையோடு மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கண்ணை மூடியிருந்தான்.

"பனி உருகட்டும்," என்றான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் பல்வலிக்கு டாக்டரைப் பார்க்க எதற்குக் காத்திருக்கிறீர்கள்? நடைப்பயிற்சிக்கென்று வாங்கிய செருப்பு ஏன் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது? மழை விடட்டும் என்றா, வெயில் தாழட்டும் என்றா? எழுந்துபோய்க் கண்ணாடியைப் பாருங்கள், ஒரு கண் மூடியிருக்கிறதா என்று.

இப்போது வேண்டாமா? சரி, வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளுங்கள்.