வாபஸ்காரரும் எங்கள் கிணறும்

"பொட்டப்புள்ள எழுதுன காகிதத்தப் பாத்தா கடன் குடுப்பான்?" என்று சிரித்தார் என் மாமா.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருடைய கடன் மனுவை நான்தான் எழுதினேன். ஆனால் வாபஸ்காரரிடம் ஆண் பெண் பேதம் கிடையாது. ஆண்கள் எழுதியதையும் அவர் அப்படித்தான் திருப்பி அனுப்புவார்.

சித்தூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சூப்பர்வைசர் அவர். அவரைப்போல் மறுப்பதற்கு ஆந்திரா, மெட்ராஸ் இரண்டு ராஜ்யத்திலும் ஆள் கிடையாது. டீ வந்தால், "சக்கர ஜாஸ்தி, வாபஸ்!" கல்யாணப் பத்திரிகை நீட்டினால், "நேரம் கீது, கிழமை எங்க? வாபஸ்!" பெண் வீட்டார் பயந்துபோய் மறுபடி அச்சடித்தார்கள்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றை ஆழப்படுத்தாவிட்டால் கரும்பு காய்ந்துவிடும். மனுவோ காரணம் எதுவும் எழுதாமல் திரும்பி வந்தது.

"நம்ம ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னே தெரியல. எவன் குடுப்பான்?" என்றார் நைனா. எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். தமிழில் எழுதியதுதான் குற்றம் என்று நினைத்து, தெலுங்கில் எழுதிப் போட்டேன். அதுவும் வாபஸ்!

நானே பஸ் ஏறினேன். அவர் மேசைமுன் போய் நின்றேன்.

"இன்னா குத்தம் சார்? நீங்க சொல்லாம நான் போவமாட்டேன்."

அவர் ஜாமீன் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஒன்பது பேர் கடனுக்கு நைனா ஜாமீன். முதல் பெயர் மாமாவுடையது. நைனாவுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். கற்றுக்கொடுத்தவள் நான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"ஒம்பது பேரும் கட்டலன்னா உங்க நைனாதான் கட்டணும். அப்புறம் எங்களுக்கு எத்த வெச்சிக் கட்டுவாரு? எல்லையும் இல்ல, தெலுங்கும் இல்லம்மா. இந்தக் கையெழுத்துதான். இத்தினி வருசத்துல காரணம் கேட்டு வந்தது நீ ஒருத்திதான்."

எனக்கும் டீ வரவழைத்தார். சர்க்கரை ரொம்ப அதிகம். வாபஸ் சொல்லாமல் குடித்தார்.

வீடு வீடாகப் போனேன். எட்டுப் பேர் நைனாவுக்குப் பதில் வேறு ஜாமீன் கொடுத்தார்கள். மாமாவும் கொடுத்தார். அதோடு எங்களிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் எல்லை முடிவாகி, நாங்கள் ஆந்திராவிலேயே இருந்துவிட்டோம். திருத்தணி மெட்ராஸோடு சேர்ந்தது. சொந்த ஊர் என்று வாபஸ்காரர் அங்கே மாற்றல் வாங்கிப் போய்விட்டார். புது சூப்பர்வைசர் எதைக் கொடுத்தாலும் படிக்காமல் சிரித்தபடி வாங்கி வைக்கிறார். எனக்கு அதுதான் பயம்.

அதனால் புது மனுவை அவரிடம் கொடுக்கவில்லை. குறை இருந்தால் வாபஸ்காரர் சொல்லட்டும் என்று முதலில் திருத்தணிக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன், வாபஸ் வருவதற்கான தபால்தலையையும் உள்ளே வைத்து.