கலந்து போட்ட கத்தரி

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் உரக்கடைக்காரர். யூரியா வாங்கப் போனவனுக்கு யூரியாவைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே? "கத்தரிக்கு வெறும் யூரியா போட்டா செடிதான் கொழுக்கும். தொழு உரத்தோட கலந்து போடுங்க" என்றார். அதையும் என் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

வீட்டு வாசலிலேயே அவள் ஆரம்பித்தாள்.

"இதைத்தானே நானும் சொன்னேன். என்கிட்ட எதையும் கலந்து பேச மாட்டீங்க. உரத்தையாவது கலந்து போடுங்க."

"முடியாது. தோட்டத்தைப் பாதியாப் பிரிப்போம். என் பாதிக்கு யூரியா. உன் பாதிக்கு உன் சாணிக்குப்பை. எது அதிகம் காய்க்குதுன்னு பார்ப்போம்."

"சொத்தைப் பிரிக்கறீங்களா?"

"ஆமா, பிரிக்கறேன்."

"சரி. சொத்தை உங்களுக்கு, நல்ல காய் எனக்கு."

தோற்றவர் எதிர்வீட்டுத் தையல்காரர் முன்னால் "நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டும். அதுதான் பந்தயம். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

என் செடிகள் யானைக்காது மாதிரி இலை விட்டன. பூ மட்டும் இல்லை. அவள் செடிகள் குள்ளம். ஆனால் ஆளுக்கொரு பூ வைத்துக்கொண்டு நின்றன.

தையல்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "கீரை நல்லா வந்திருக்குண்ணே."

மானம் போய்விட்டது. மதியம் அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து அவள் எருக்குவியலில் கை வைத்தேன். திருட்டுக்குத் தோதாக அங்கேயே ஒரு கூடை கிடந்தது. என் முதுகுவலிக்கு ஏற்ற சின்னக் கூடை. கைப்பிடியில் துணிகூடச் சுற்றியிருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சுமக்கிற மும்முரத்தில் யூரியா மூட்டையைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காய்த்தது பாருங்கள், கொத்துக் கொத்தாக! பறித்துக் குவித்ததில் அவளுடையதைவிட என் குவியல் ஒரு பிடி உயரம். தையல்காரரைக் கையோடு இழுத்து வந்தேன்.

"சொல்லு" என்றேன் அவளிடம்.

"சொல்றேன். என் எரு எங்க போச்சு?"

"மழையில கரைஞ்சிருக்கும்."

"உங்க யூரியா மூட்டை இளைச்சிருக்கே, அதுவும் மழையா?"

பார்த்தேன். நான் போட்டது போக மிச்சம் வைத்ததில் பாதிதான் இருந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா எடுத்து எருவுல கலந்தது நான்தான். என் செடிக்கும் அதுதான், நீங்க திருடினதும் அதுதான். சொன்னா கலந்து போட மாட்டீங்க. திருடியாவது போடட்டும்னு விட்டேன்."

"அப்ப அந்தக் கூடை?"

"துணி சுத்தலைன்னா செடிக்கு முன்னாடி உங்க கைதானே காய்ச்சிருக்கும்?"

தையல்காரருக்குத் தலை சுற்றியது. "அக்கா, யாரு ஜெயிச்சது?"

"அவரு சொன்னதுதான் சரி" என்றாள்.

நெஞ்சை நிமிர்த்தினேன். காதில் தேன் பாய்ந்தது.

"யாரு, அண்ணனா?"

"சே, உரக்கடைக்காரரு."

என் வாக்கியத்தையும் அந்த ஆளே தட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு இன்னும் பாக்கி.